யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கராஜாவுக்கு: மழைக்காட்டில் தொண்டராகத் தங்கிப் பணியாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்குக் காடு என்றவுடன் நினைவுக்கு வருவது வன்னிக்காடுதான். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அந்தக் காட்டில் ஆண்டின் பெரும்பகுதி நிலம் காய்ந்திருக்கும். சருகு காலடியில் நொறுங்கும். மாரி வந்தால்தான் குளம் நிரம்பும். தென்மேற்கின் ஈரவலயத்திலுள்ள சிங்கராஜா மழைக்காடு இதற்கு முற்றிலும் வேறானது. அங்கே சருகு நொறுங்காது, துணி காயாது, வானம் முழுமையாகத் தெரியாது. அங்கு தொண்டராகப் பணியாற்றப் புறப்பட்ட நம்மூர் இளைஞர்களில், இரண்டாம் கிழமையிலேயே பையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்களுள் எவரும் ஆர்வம் குறைந்தவர் அல்லர். ஈரமும் அட்டையும் மொழியும், "நான் இங்கே என்ன பயனுள்ள வேலை செய்கிறேன்" என்ற மயக்கமும் சேர்ந்து அவர்களைத் தளர்த்திவிட்டன. இந்த நான்கையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே பெருமளவு எதிர்கொண்டு தயாராகலாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தங்கிப் பணியாற்ற விரும்புவோருக்காக இதனை எழுதுகிறேன்.

முதற் படி: போகும் காட்டை அறிந்துகொள்ளுங்கள்

சிங்கராஜா இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்துள்ளது. 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. மரபுரிமைத் தலத்தின் பரப்பு 8,864 ஹெக்டயர். ஆண்டு மழைவீழ்ச்சி பெரும்பாலும் 3,000 மில்லிமீற்றருக்கும் 5,000 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான நாட்களில் பெய்து முடிந்துவிடும். நமக்கு ஒரு பருவமழையே வாழ்வு. அந்தக் காட்டுக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை கொண்டுவருகின்றன. உண்மையான வறட்சி மாதம் என்று அங்கு ஒன்றில்லை. ஒப்பீட்டளவில் மழை குறைந்த காலம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலும், ஓகஸ்ற், செப்டெம்பர் மாதங்களிலும் அமைகிறது. முதன்முறையாகப் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது.

இந்தக் காட்டின் வரலாற்றில் ஒரு செய்தியை ஒவ்வொரு தொண்டரும் அறிந்திருக்க வேண்டும். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் தேவைக்காக இங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் தறிக்கும் வேலை தொடங்கியது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1977இல் அது நிறுத்தப்பட்டது. குடாவ வாசலிலிருந்து உள்ளே செல்லும் அகன்ற பாதையில் நடக்கும்போது, இது பாரவண்டிகளில் மரம் ஏற்றிச் சென்ற பாதை என்பதையும், இருபுறமும் நிற்கும் மெல்லிய மரங்கள் அதற்குப் பிறகு தாமாக எழுந்தவை என்பதையும் எண்ணிக்கொண்டே நான் நடப்பேன். அந்த எதிர்ப்பில் குரல் கொடுத்தவர்களும் ஊதியம் பெறாத தொண்டர்கள்தாம்.

இரண்டாம் படி: அனுமதியும் பணியும் உறுதியான பின்னரே புறப்படுங்கள்

சிங்கராஜா வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களை நிர்வகிக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. மாதிரி சேகரிப்பது, மரம் அளப்பது, கமெரா பொருத்துவது என ஆய்வு சார்ந்த எந்த வேலைக்கும் எழுத்துமூல அனுமதி தேவை.

தனியாளாக விண்ணப்பிப்பதைவிட, ஏற்கனவே அனுமதியுடன் இயங்கும் ஒரு குழுவுடன் சேர்வதே எளிய வழி. பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் களப்பணிக்கு உதவியாளர்களைச் சேர்ப்பதுண்டு. 1894இல் தொடங்கப்பட்ட வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு, தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் 1972இல் உருவான இளம் விலங்கியலாளர் சங்கம் ஆகியவை தொண்டர்களை வரவேற்கும் பழைய அமைப்புகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், விலங்கியல் துறைகளில் விசாரித்தால், ஈரவலயத்தில் பணியாற்றும் ஆய்வாளர்களின் தொடர்பு கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

பொறுப்பாளரிடம் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் அன்றாட வேலை என்ன, அதை யார் எனக்குக் கற்பிப்பார், தங்குமிடத்துக்கும் உணவுக்கும் யார் பணம் கொடுப்பார், விபத்து நேர்ந்தால் யாருக்கு முதலில் அறிவிப்பது, நான் சேகரிக்கும் தரவுகள் எங்கே போகும் ஆகியவையே அக்கேள்விகள். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஆனால் மூன்றாவது கிழமையில் மழையில் நனைந்துகொண்டு குறிப்பெடுக்கும்போது, அந்த எண்கள் யாருடைய மேசைக்குப் போகின்றன என்று தெரிந்திருப்பது ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும். பெண் தொண்டர்கள் தங்கும் அறை, கழிப்பறை, களத்துக்கு உடன் வருபவர் ஆகிய விபரங்களை முன்னரே கேட்டு வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும்; இதற்குத் தெளிவான பதில் தராத குழுவுடன் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை.

தேசிய அடையாள அட்டை, அனுமதிக் கடிதத்தின் இரண்டு பிரதிகள், கிராம அலுவலரின் நற்சான்றிதழ், இரத்த வகை எழுதிய சிறு அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டிலிருந்தே நான்கு கிழமைத் தயாரிப்பு

யாழ்ப்பாணம் சமதரை. மைல் கணக்கில் சைக்கிள் மிதிக்கும் கால்களுக்கும், சேற்று வழுக்கலில் ஏறி இறங்கும் கால்களுக்கும் வேறுபாடு உண்டு. மாடிப்படிகள் உள்ள கட்டடம் ஒன்றைத் தேடி, முதுகில் ஐந்து கிலோ பாரத்துடன் நாள்தோறும் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாததால், ஓடும் நீரில் நிற்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. கீரிமலைக் கேணியில் நீந்தத் தெரிந்திருப்பது, வெள்ளம் வந்த ஓடையைக் கடக்கும் திறமை ஆகாது என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது மொழி. குடாவ, வெத்தாகல, தெனியாய ஊர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். றக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் வனக் காவலர்களுடனும் வழிகாட்டிகளுடனும் வேலை செய்யச் சிங்களம் வேண்டும். நூறு சொற்கள் போதும். மழை பெய்கிறது என்பதற்கு "வஹினவா", காடு "கெலே", அட்டைகள் "கூடெல்லோ", கவனமாக என்பதற்கு "பரெஸ்ஸமின்". முறைச்சொற்களில் மட்டும் கவனம் தேவை. "அக்கா" இரு மொழியிலும் ஒன்றே. நாம் மதிப்புடன் "ஐயா" என்று முதியவரை அழைப்போம். சிங்களத்தில் "அய்யா" என்பது அண்ணன். அறுபது வயது வழிகாட்டியை அப்படி அழைத்தால் அவர் சிரித்துக்கொள்வார், கோபிக்கமாட்டார். "மாமா" என்று அழைத்தால் மகிழ்வார். உங்களை "மல்லி" என்று கூப்பிட்டால் தம்பி என்றும், "நங்கி" என்றால் தங்கை என்றும் பொருள்.

மூன்றாவது மருத்துவம். ஏற்புவலித் (ரெற்றனஸ்) தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள். இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் பகுதி. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்தபடியால் இந்நோயை நம்மவர்க்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேற்றிலும் நீரிலும் வேலை செய்யப் போவதாக வைத்தியரிடம் சொல்லுங்கள். தடுப்பாக டொக்சிசைக்கிளின் எடுக்க வேண்டுமா, எந்த அளவில் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். மலேரியா இல்லாத நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டதால் அந்த மாத்திரை தேவைப்படாது. டெங்கு உண்டு என்பதால் நுளம்பு வலையை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: பொதி

பருத்தி உடை நம் வெயிலுக்கு ஏற்றது; அங்கே ஒருமுறை நனைந்தால் மூன்று நாளானாலும் காயாமல் நாற்றமெடுக்கும். ஜீன்ஸ் காற்சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விரைவில் காயும் செயற்கை இழை உடைகள் மூன்று செட் போதும்: ஒன்று களத்துக்கு, ஒன்று மாற்றுக்கு, ஒன்று இரவுக்கு. இரவு உடை எக்காரணம் கொண்டும் நனையக்கூடாது. அதைப் பொலித்தீன் உறையில் கட்டிப் படுக்கையிலேயே வைத்திருங்கள். ஒரு சாரமும் மெல்லிய துவாயும் பெரும் உதவி. காலணிக்கு முழங்கால் வரையான இறப்பர் பூட்ஸ் போதுமானது. விலையுயர்ந்த தோற்சப்பாத்து பூஞ்சணம் பிடித்துப் பாழாகும். காலுறைக்கு மேல், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை கடிக்காமல் தடுக்கும் நெருக்கமான துணியாலான "அட்டைக் காலுறை" இரண்டு சோடி தேவை. கொழும்பில் வாங்கலாம், வாசலருகேயும் கிடைப்பதுண்டு. தையல் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அடர்த்தியான துணியில் தைத்துக்கொள்ளலாம்.

தலையில் அணியும் ரோச் லைற், உபரி மின்கலங்கள், பென்சில்கள், தடித்த அட்டைக் குறிப்பேடு, கைத்தொலைபேசிக்கு நீர்புகா உறை ஆகியவற்றையும் எடுத்துச்செல்லுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தாளில் மை பரவும். முதல் பயணத்தில் நான் பேனாவால் எழுதிய ஆறு நாள் குறிப்பு ஒரே மாலை மழையில் நீலக் கறையாகிப் போனது. அன்றிலிருந்து பென்சில் தவிர வேறொன்றால் நான் காட்டில் எழுதியதில்லை.

உணவுப் பொதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாமார் கட்டித்தரும் பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் எள்ளுப்பாகும் அங்கே பொன்னுக்குச் சமம். ஆனால் ஒடியலும் மாவும் அந்த ஈரத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் தகரப் பேணிகளில், சிறு சிறு பங்காகப் பிரித்துப் போடுங்கள். ஒரு பேணியைத் திறந்தால் அதை இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். வறுத்துத் திரித்த யாழ்ப்பாணக் கறித்தூள் அரைக் கிலோ போதும். தங்கவைக்கும் வீட்டாருக்கும் காவலர்களுக்கும் பனங்கட்டிக் குட்டான்கள் சில கொண்டுபோங்கள். அவர்கள் கித்துள் மரத்திலிருந்து கருப்பட்டி காய்ச்சுபவர்கள். பனையிலிருந்து வந்த இனிப்பை வாயில் போட்டுப் பார்த்து, எப்படிச் சீவுகிறீர்கள், எப்போது சுண்ணாம்பு தடவுகிறீர்கள் என்று கேட்பார்கள். நூறு சொல் சிங்களம் முதன்முதலாகப் பயன்படும் இடம் அதுவாக இருக்கும்.

ஐந்தாம் படி: பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்திலோ புகையிரதத்திலோ கொழும்பு சென்று, அங்கிருந்து ஏ4 வீதி வழியாக இரத்தினபுரி, அதன்பின் கலவான, வெத்தாகல ஊடாகக் குடாவ வாசலை அடையலாம். தெற்குப் பக்கம் வேலை என்றால் தெனியாய வழியாகப் பிட்டதெனிய வாசல். கிழக்கே றக்குவானைப் பக்கமிருந்து மோர்னிங்சைட். கடைசிப் பேருந்துகள் மாலைக்கு முன்பே ஓய்ந்துவிடுவதால், நண்பகலுக்கு முன் கலவானவை அடையும்படி திட்டமிடுங்கள். பணத்தையும் மருந்தையும் கலவானவிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: முதல் பத்து நாட்கள்

இந்த நாட்களில் ஒரு தொண்டர் காட்டுக்குச் செய்யும் உதவி மிகக் குறைவு. உடலும் கண்ணும் காதும் பழகுவதற்கே இவை செலவாகும். இதைப் பொறுப்பாளரும் அறிவார். ஆகவே முதல் நாளே எல்லா வேலைகளுக்கும் கை தூக்க வேண்டாம். ஒரே பாதையில், ஒரே காவலருடன், நாள்தோறும் நடந்து பழகுங்கள். அந்தப் பாதையின் வளைவுகளும் ஓடைகளும் வேர்களும் மனப்பாடமான பிறகே அடுத்த பாதை.

அட்டைகளைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். நம் வறண்ட மண்ணில் அட்டை கடித்துப் பழக்கமில்லாததால், காலில் ஒன்று ஊர்வதைக் கண்டதும் உதறி ஓடுபவர்கள் உண்டு. காட்டு அட்டையின் கடி வலிக்காது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் விட்ட பிறகும் நெடுநேரம் கசியும், அவ்வளவே. ஒட்டிய அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அதன் ஒடுங்கிய முனையே வாய்ப்புறம். அங்கே தோலோடு தோலாக நகத்தை வைத்துத் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அவ்வாறே எடுக்கலாம். தீக்குச்சியால் சுடுவதும் உப்பைக் கொட்டுவதும் அட்டை குடித்ததைக் காயத்தில் கக்கச் செய்யக்கூடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். காலுறையின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறுவது குறையும். நடக்கும்போது நிற்காமல் நடப்பதும், நின்றால் பாறை மேல் நிற்பதும் காவலர்கள் கைக்கொள்ளும் முறை. மாலையில் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, சொறியாமல் விடுங்கள். சொறிந்த காயமே சீழ் பிடிக்கும்.

பாம்புகளைப் பொறுத்தவரை, நாகத்தையும் புடையனையும் சுருட்டையையும் நாம் அறிவோம். அங்கே அவற்றைவிட அடிக்கடி எதிர்ப்படுவது சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், மூக்கு நுனி சற்று மேல்நோக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று. சிங்களத்தில் அதற்குக் "குணகட்டுவா" என்று பெயர். இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது; குழிவிரியனின் விஷத்தை அது முறிக்காது. எனவே கடிபடாமல் இருப்பதே இங்கு தலையாய பாதுகாப்பு: வெறுங்கையால் சருகை வாரக்கூடாது, விழுந்த மரத்தைத் தாண்டுமுன் மறுபுறத்தைப் பார்க்க வேண்டும், இருட்டியபின் ரோச் இல்லாமல் கழிப்பறைக்கும் போகக்கூடாது. கடிபட்டால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இந்த விரியனின் விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிப்பதால், வீக்கம் சிறிதாக இருக்கிறதே என்று தங்குமிடத்தில் படுத்துவிடலாகாது. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் காட்டின் பல இடங்களில் தொலைபேசி அலைவரிசை இல்லை. எந்த வளைவில், எந்தப் பாறை மேல் ஏறினால் அலைவரிசை கிடைக்கும் என்பதை முதல் நாளிலேயே காவலரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

ஈரத்துடன் வாழ்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. களத்திலிருந்து வந்தவுடன், தேநீருக்கும் முன்பாக, ஈர உடையைக் கழற்றி அலசிப் பிழிந்து கூரையடியில் தொங்கவிடுங்கள். கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, அரை மணி நேரமாவது வெறுங்காலாக உலரவிடுங்கள். மறுநாள் காலை களத்து உடை இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். காய்ந்த உடையை எடுத்து அணிய மனம் இழுக்கும். அதற்கு இடம் கொடுத்தால் இரண்டே நாளில் உலர்ந்த துணி ஒன்றும் எஞ்சாது. ஈர உடையையே மீண்டும் அணிந்து நடக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும். என் அனுபவத்தில், இந்த ஒரு பழக்கத்தை மேற்கொண்டவர்கள் தங்கினார்கள், மேற்கொள்ளாதவர்கள் திரும்பினார்கள்.

உணவு பெரும்பாலும் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய், ஏதேனும் ஒரு கீரைச் சுண்டல், கருவாடு என்று அமையும். காரம் குறைவாகத் தோன்றினால் கறித்தூளைச் சமைப்பவரின் அனுமதியுடன் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீங்களே சமைத்துக் கொடுப்பது உறவை வளர்க்கும். குடிநீரை எப்போதும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தெளிந்த ஓடை நீர் நம் கிணற்று நீரைவிடச் சுவையாக இருந்தாலும் விதிவிலக்கு வேண்டாம்.

ஏழாம் படி: வேலையைக் கற்றுக்கொள்ளுதல்

பறவைக் கணக்கெடுப்பு பலருக்கும் முதலில் கிடைக்கும் வேலை. சிங்கராஜாவின் பறவைகளில் பல, இனம் கலந்த கூட்டமாக உலாவுபவை. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடைய குழுவினரும் 1981இலிருந்து இக்கூட்டங்களை ஆராய்ந்துவந்துள்ளனர். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பன்னிரண்டு இனங்கள் அளவில், ஏறத்தாழ 40 பறவைகள் இருக்கும். நம் முற்றத்துப் புலுனிக்கு உறவான செம்மஞ்சள் அலகுச் சிலம்பன் கூட்டத்தின் பெரும்பகுதி. கொண்டைக் கரிக்குருவி அதன் காவலாள். இந்தக் கரிக்குருவி பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும், ஆபத்து வந்தால் மற்ற இனங்களின் எச்சரிக்கைக் குரலையும் எழுப்பும். புதியவர் செய்யும் தவறு, கண்ணால் தேடுவது. பல நிமிடம் இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. திடீரென்று நாலாபுறமும் இறகுகள், மூன்று நிமிடத்தில் மறுபடி வெறுமை. ஆகவே காதைப் பழக்குங்கள். முதல் கிழமையில் சிலம்பனின் சளசளப்பு, கரிக்குருவியின் சில்லென்ற குரல் ஆகிய இரண்டை மட்டும் அறிந்தால் கூட்டம் வருவதை முன்கூட்டியே உணரலாம். பிறகு நாளுக்கு ஒரு குரல் சேர்த்துக்கொள்ளலாம். நிச்சயமில்லாத பறவையை ஊகித்து எழுதாமல், "இனம் தெரியாதது" என்றே குறியுங்கள். தவறான பெயர் ஒன்று தரவுக்குள் புகுந்தால் அதைப் பிறகு எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாவது, மரம் அளத்தல். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியால் 1990களில் இங்கே 25 ஹெக்டயர் நிரந்தர ஆய்வுக்களம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குள் நெஞ்சு உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டமாவது உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் இலக்கத் தகடு உண்டு. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களும் செடிகளும் அவ்வாறு பதிவாகியுள்ளன. அளவு எடுக்கும் உயரம் தரையிலிருந்து 1.3 மீற்றர். கேட்க எளிதாக இருக்கும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்புறத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். பலகை வேர் பரப்பிய மரத்துக்கு வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுத வேண்டும். கொடியை நாடாவுக்குள் சேர்த்துவிடக் கூடாது. ஒருவர் அளந்து சொல்ல, எழுதுபவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மழை இரைச்சலில் சிங்களத்தில் சொல்லும் எண்ணைத் தமிழ்க் காது தவறாகக் கேட்பதுண்டு. எண்களை மட்டுமாவது பிழையின்றிக் கற்றுக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, நாற்றுமேடை. யாழ்ப்பாணத்தில் நாம் பனை விதை நட்டுப் பழகியவர்கள். விதையைப் பொறுக்கிக் குவித்து, வசதியான நாளில் குழி வெட்டி நடுவோம், பனை பொறுத்துக்கொள்ளும். ஹொர, துன் போன்ற மழைக்காட்டு மரங்களின் விதைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவை உலர்ந்தால் இறந்துவிடும். விழுந்த சில நாட்களுக்குள் ஈர மணலிலோ மண்பையிலோ இட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் காய்ப்பதும் இல்லை. ஆகவே விதை விழும் காலத்தில் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு விதைக்கு ஓடுவார்கள். காட்டின் எல்லையை ஒட்டி நடப்பட்ட பைனஸ் மரங்களுக்கிடையே சில வரிசைகளை நீக்கி வெளிச்சம் விட்டு, இயற்கைக் காட்டு நாற்றுகளை நட்டு வளர்த்த ஆய்வுகள் இங்கே நடந்துள்ளன. அந்த நிழலின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முழு வெயிலில் நட்டால் கருகும், முழு இருட்டில் நட்டால் வளராது. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையே அன்பு என்று எண்ணும் நாம், அங்கே நிழலை அளந்து கொடுக்கக் கற்க வேண்டும்.

களை பிடுங்குதல், பாதை செப்பனிடுதல், வாசலில் பிளாஸ்ரிக் பொறுக்குதல் ஆகியவையும் வரும். அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. காட்டப்படாத செடியைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

ஒரு விதியை எக்காலத்திலும் மீறவேண்டாம். 1988ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வனாந்தரச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இக்காட்டிலிருந்து ஓர் இலையையும் வண்டையும் அனுமதியின்றி எடுக்க முடியாது. வல்லப்பட்டையும் மரமஞ்சளும் திருட்டுத்தனமாக வெட்டப்படுபவை. அரிய செடியோ பறவைக் கூடோ கண்டால், இடம் தெரியும்படியான படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். கைத்தொலைபேசியின் இடக்குறிப்பை நிறுத்தி வையுங்கள்.

எட்டாம் படி: மழை பெருகும் நாட்களும் காய்ச்சலும்

2017 மே மாத இறுதியில் பெய்த கடும் மழையில் கலவான உட்பட இரத்தினபுரி மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கின. நமக்கு மண்சரிவு பழக்கமில்லாத ஆபத்து. தங்குமிடத்தின் பின்புறம் சரிவா, அதில் வெடிப்புகள் உண்டா, மரங்கள் சாய்ந்துள்ளனவா, இல்லாத இடத்தில் புதிதாகச் சேற்று ஊற்று கிளம்புகிறதா என்று மழைநாட்களில் காலை மாலை பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல். பக்கங்கள் நேரான ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தாலே மழையின் அளவு தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஓடை கலங்கி நிறம் மாறினால், மேலே மழை கொட்டுகிறது என்று பொருள். அக்கரையில் அகப்பட்டால் நீர் வடியும்வரை அங்கேயே இருங்கள். காவலர் "போகலாம்" என்று சொன்னாலும், உங்கள் மனம் ஒப்பாவிட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளைத் தாண்டவிடாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தசை நோவும் கண் சிவப்பும் சேர்ந்தால் அன்றே செல்ல வேண்டும். காட்டு வேலை செய்வதையும் சேற்றில் நின்றதையும் வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எதுவும் தாமாக எடுக்க வேண்டாம். டெங்கு என்றால் அஸ்பிரின், இபுபுரொபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஒன்பதாம் படி: மூன்றாவது கிழமையின் தளர்ச்சி

புதுமை தீர்ந்து, வேலை ஒரே மாதிரியாகத் தோன்றும் காலம் இது. வெயிலையும் திறந்த வானத்தையும் மனம் தேடும். குடாநாட்டில் எங்கு நின்றாலும் அடிவானம் தெரியும். காட்டுக்குள் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பது நம்மவர்களை மற்றவர்களைவிட அதிகம் அழுத்துகிறது என்று நான் நம்புகிறேன். கிழமைக்கு ஒரு நாள் விடுமுறை எடுத்து, கலவான சந்தைக்கோ தேயிலைத் தோட்டத்து மேட்டுக்கோ சென்று வெளிச்சத்தில் இருங்கள். வீட்டாருடன் பேச ஒரு நேரத்தைக் குறித்து, அலைவரிசை இல்லாத நாட்களில் பயப்பட வேண்டாம் என்றும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஊர் மக்களுடன் பழகுவதற்கும் இதுவே தக்க காலம். போரின் ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் காணாமலே வளர்ந்த இரு தலைமுறைகள் ஒரே அடுப்படியில் இருந்து தேநீர் குடிக்கும்போது, யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேள்விகள் வரும்; சில கேள்விகள் உறுத்தவும் கூடும். தெரிந்ததை நேர்மையாகச் சொல்லுங்கள், அவர்களுடைய இழப்புகளையும் கேளுங்கள். மொழி போதாத இடத்தில் படம் வரைந்து காட்டலாம். நல்லூர்த் தேரைப் பற்றி நான் அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல முயன்ற மாலை ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்தக் காவலர் குடும்பத்துடன் திருவிழாவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்.

பத்தாம் படி: விடைபெறுதல்

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே உங்கள் குறிப்புகளைச் சுத்தமாகப் படியெடுத்து, இரண்டு பிரதிகளில் ஒன்றைப் பொறுப்பாளரிடமும் ஒன்றைக் காவலர் நிலையத்திலும் கொடுங்கள். நீங்கள் அடையாளம் காணத் தவறியவை, அளக்க முடியாமற்போன மரங்கள், அறுந்த தகடுகள் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு அந்தத் தாளே மிகவும் பயன்படும். அட்டைக் காலுறைகள், பூட்ஸ், மீந்த மின்கலங்கள் ஆகியவற்றை அங்கேயே விட்டுவரலாம்.

எடுத்துவரும் பொருள்களில் ஒட்டிய சேற்றை வாசலிலேயே தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் களைகளின் நுண்ணிய விதைகள் தங்கியிருக்கும். பையின் தையல் மடிப்புகளையும் புரட்டிப் பாருங்கள், அங்கே சில வேளை அட்டைகள் ஒளிந்திருக்கும். வீடு வந்ததும் எல்லாவற்றையும் முற்றத்து வெயிலில் இரண்டு நாள் விரித்துவிடுங்கள். திரும்பிய பின் மூன்று, நான்கு கிழமைகளுக்குள் காய்ச்சல் வந்தாலும் சிங்கராஜாவில் இருந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள், ஏனெனில் எலிக்காய்ச்சல் வெளிப்பட அவ்வளவு காலம் செல்லக்கூடும்.